கைச்சூடு

கொடுமுடி
13.4.2025

அன்புத் தங்கை லோகுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீயும் மதிவதனியும் வீட்டில் மற்றவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது?

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். ரித்திகா செஸ்ஸில் மாவட்ட அளவுக்கு வந்துவிட்டாள். மே மாதம் ஆர்.எஸ்.புரத்தில் பத்து நாள் பயிற்சி முகாம் நடக்கிறதாம். தங்குகிற இடத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான் என்று மேப்பில் பார்த்தேன். அவள் உன்னோடு தங்கலாமா?

இங்கே யாருக்கும் சொல்லவில்லை. முகாமிலேயே தங்க வைக்கிறார்கள் என்று உன் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். "அவ பேரெடுக்கறதா இருந்தா தொண்டாமுத்தூருப் பக்கமே வராத கண்ணு" என்று போன பொங்கலுக்கு நம் வீட்டுக்குப் போனபோதும் சொன்னார். மதிக்கு ஏழு வயதாகிவிட்டது, அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. என் போனை எடுத்துப் பார்க்காத ஆளும் இந்த வீட்டில் இல்லை. அதனால் பதிலைப் பால் சொசைட்டி முகவரிக்கே போடு. அங்கே கணக்கு எழுதுவது நான்தான், தபாலை வாங்குவதும் நான்தான்.

தையில் புது வீட்டுக்குக் குடி போகிறோம். அதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. உன்னைக் கூப்பிடாமல் நான் அங்கே பால் காய்ச்ச மாட்டேன்.

வெயிலில் அலையாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ரேணுகாதேவி


ஆர்.எஸ்.புரம், கோவை
19.4.2025

அன்பு அக்காவுக்கு,

லோகு எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நலம். மாமாவும் அத்தையும் நலமா? என் இடுப்பு வலியை நானே மறந்துவிட்டேன், நீ ஞாபகம் வைத்திருக்கிறாய்.

உன் பெண் என் வீட்டில் தங்குவதற்குத் "தங்கலாமா" என்று ஒரு கேள்வியா? படித்ததும் முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. "ஏம்மா அழுவற?" என்று மதி கேட்டாள். "உங்க அக்கா வர்றா" என்றேன். தனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பதையே அவள் இன்னும் நம்பவில்லை. அன்றிலிருந்து தன் பொம்மைகளை எல்லாம் இரண்டு பங்காகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சாமுவேலுக்குக் காலையில்தான் வேலை. விடியும்போதே லேபுக்குப் போய் ரத்தம் எடுக்க ஆரம்பித்தால் பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். நான் ஆபீஸிலிருந்து வரும்வரை பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் தோப்பில் தேங்காய் போட்ட ஆறுச்சாமியின் மகன் வீட்டில் உன் பெண் பத்து நாள் உண்டு உறங்கப்போகிறாள். நன்றாக யோசித்துத்தான் எழுதினாயா? யோசித்திருப்பாய். நீ அப்பா மாதிரி கிடையாது. அதைச் சாமுவேலிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ரித்திகாவுக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் எழுது.

உன் அன்புத் தங்கை
லோகப்பிரியா


ஆர்.எஸ்.புரம், கோவை
24.5.2025

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம். ரித்திகா ஒரு சுற்று பருத்திருக்கிறாள், பயந்துவிடாதே. நாளை அவளோடு வரும் டப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை அவள் பையிலேயே வைக்கிறேன்.

நான் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டுக்கும் ஒரே பசி. பேக்கரிக்குப் போகலாம் என்று ஒன்று, பிஸ்கட் வேண்டாம் என்று ஒன்று. அப்போது அவர் மிக்சியில் பொட்டுக்கடலையைப் பொடித்திருக்கிறார். நான் வந்து பார்த்தபோது மூவரும் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாவும் நாட்டுச்சர்க்கரையும் மூக்கு வரை அப்பியிருந்தன.

"சித்தப்பா, நெய்யக் காய்ச்ச வேண்டாங்களா?" என்று ரித்திகா கேட்கிறாள்.

"வேண்டாம் அம்மணி. இதுக்குக் கைதான் அடுப்பு. நல்லா இறுக்கிப் பிடி. கைச்சூட்டுல நெய் இளகி மாவக் கட்டும்."

"எனக்கு உதுருதுங்க."

"உள்ளங்கையில வெச்சுக் கொஞ்ச நேரம் சும்மா புடிச்சிரு. அவசரப்படாத."

எனக்கு நம் வீட்டு மத்தியானங்கள் ஞாபகம் வந்துவிட்டன. அம்மா அசந்து தூங்கும்போது நீ மாவைத் திருடுவாய், நான் சர்க்கரையைத் திருடுவேன். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து உருட்டுவோமே! நீ எப்போதும் பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதை எனக்குத் தருவாய், அக்கா என்ற உரிமையில். அதே உருண்டைதான். அவருடைய அம்மாவும் அதையே செய்து கொடுத்திருக்கிறார்.

டப்பாவில் முந்திரி வைத்தது மதி உருட்டியது. வைக்காதது ரித்திகா. ஒன்று மட்டும் பெரிசாகக் கோணலாக இருக்கும், அது அவர் உருட்டியது. "பெரியம்மாவுக்குப் பிடிக்குமா?" என்று மதி படுக்கப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ருசி பார்த்து இரண்டு வரி எழுது, அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

லோகப்பிரியா


கொடுமுடி
21.6.2025

அன்புள்ள லோகுவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. மஞ்சள் விற்பனை, ரித்திகாவுக்குப் பள்ளி திறப்பு, புது வீட்டில் கொத்து வேலை என்று ஒன்று மாற்றி ஒன்று.

நீ ரித்திகாவைப் பார்த்துக்கொண்டதற்கு நான் என்ன சொல்வது? வந்ததிலிருந்து "சித்தி வீட்ல" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறாள். அவள் அப்பா பக்கத்தில் இருக்கும்போது நான்தான் கிள்ளி அடக்குகிறேன்.

உருண்டை கிடைத்தது. எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டோம். டப்பா அன்றைக்கே காலி. என் மாமியார்கூட இரண்டாவது கேட்டு வாங்கினார். மதியிடம் சொல், பெரியம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது என்று.

மழைக்காலம் வருகிறது, அவளைத் தலை நனையாமல் பார்த்துக்கொள். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஆர்.எஸ்.புரம், கோவை
6.7.2025

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அத்தைக்கு என் வணக்கம், சொல்ல முடிந்தால்.

உன் கடிதத்தை மதிக்குப் படித்துக் காட்டினேன். பிறகு அவளே எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். "எங்க பெரியம்மாவோட அத்தையே ரெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க" என்று இஸ்திரி போடுகிறவர் முதல் அடுத்த வீட்டு நாய் வரை சொல்லியாகிவிட்டது. உங்கள் புது வீட்டு விசேஷத்துக்குத் தானே நூறு உருண்டை செய்து கொண்டுவருவதாகச் சொல்கிறாள். நானும் தலையாட்டிவிட்டேன். செய்யட்டுமே, அடுப்பு கேட்காத வேலைதானே.

அக்கா, ஒன்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாயே? உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவர் பெயர் எதிலும் இல்லை. "வீட்டில் எல்லாரும்" என்றுதான் இருக்கிறது. பத்து நாள் உன் பெண்ணுக்குச் சாப்பாடு போட்டுத் தலை சீவி விட்டவர் அவர். ஒருமுறை "தம்பி" என்று எழுதேன். அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். அப்பா வந்தாலும் வராவிட்டாலும் தையில் நாங்கள் மூன்று பேரும் வரலாம் அல்லவா? நீ ஆமாம் என்று எழுதினால் போதும். அவருக்கு ஒரு நல்ல வேட்டி எடுக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
லோகு


கொடுமுடி
2.9.2025

அன்புள்ள லோகுவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

வீட்டு வேலை இழுத்துக்கொண்டே போகிறது. டைல்ஸ் ஒட்டுகிற ஆள் பாதியில் போய்விட்டான். விசேஷத்துக்கு ரொம்பப் பேரைக் கூப்பிட வேண்டாம் என்று உன் மாமா அபிப்பிராயப்படுகிறார். பலகாரம் எல்லாம் சமையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அதனால் மதியைச் சிரமப்படுத்தாதே, சின்னப் பிள்ளை. தேதி இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் எழுதுகிறேன்.

ரித்திகாவுக்குக் காலாண்டுத் தேர்வு. சளி பிடித்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா


கொடுமுடி
8.10.2025

அன்பு மதி,

நான் ரித்திகா. நல்லா இருக்கேன். நீ, சித்தி, சித்தப்பா எல்லாரும் நல்லா இருக்கீங்களா? எங்க தமிழ் மிஸ் ஆளுக்கொரு போஸ்ட் கார்டு குடுத்து சொந்தக்காரங்களுக்கு எழுதச் சொன்னாங்க. எல்லாரும் தாத்தாவுக்கு எழுதறாங்க. நான் உனக்கு எழுதறேன்.

நம்ம உருண்டையப் பாட்டிக்குக் குடுக்கலாம்னு ஊருக்கு வந்த அன்னிக்கே டப்பாவத் தேடினேன். அம்மா கட்டுத்தரையில மாட்டுத் தாழியில கொட்டிட்டு இருந்தாங்க. ஏம்மான்னு கேட்டேன். கையில உருட்டுனது நமக்கு ஆகாது கண்ணுன்னாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. ஆனா செவலை மாடு நக்கி நக்கித் தின்னுச்சு. அதுக்கு ரொம்பப் பிடிச்சுது. அடுத்த தடவை நீ மெஷின்ல செய். மெஷின்ல செஞ்சா அம்மா திம்பாங்க.

இடமில்லை. டாட்டா.
ரித்திகா, ஐந்தாம் வகுப்பு


ஆர்.எஸ்.புரம், கோவை
14.10.2025

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

ரித்திகா மதிக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கிறாள். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தபால்காரரிடம் அதை வாங்கியது சாமுவேல். மதி தன் பெயரைப் பார்த்துவிட்டு "படிங்கப்பா, படிங்கப்பா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறாள். அவரும் சத்தமாகப் படித்திருக்கிறார். பாதியில் என்ன வரப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நிறுத்தியிருக்கலாமே என்று நான் சத்தம் போட்டேன். "புள்ள எழுத்தப் பாத்துட்டே இருக்குது, எங்க நிறுத்தறது?" என்றார். மதி அழவில்லை. "மாட்டுக்குப் புடிச்சுதாப்பா?" என்று கேட்டாளாம். "புடிச்சுதாம் அம்மணி" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். வெகு நேரம் கீழே வரவில்லை.

நான் நீளமாக எழுதப் போவதில்லை. நீ எனக்கு ஒன்றே ஒன்று சொல். அந்த டப்பாவிலிருந்து ஒன்றையாவது நீ வாயில் போட்டாயா?

லோகப்பிரியா


கொடுமுடி
18.10.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சொசைட்டியில் வைத்துப் படித்தேன். பால் ஊற்ற வந்தவர்கள் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ நினைக்கிற மாதிரி இல்லை லோகு. ரித்திகா வந்து இறங்கிய அன்று அப்பா இங்கே வந்துவிட்டார். முன்னால் சொல்லாமல் வந்தார். டப்பாவைப் பார்த்தால் யார் கொடுத்தது, எங்கே தங்கினாள் என்று தோண்டித் துருவுவார். எல்லாம் வெளியே வந்துவிடும். பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படிச் செய்துபோட்டேன். ரித்திகாவிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. உன் வீட்டுக்காரரிடமும் எடுத்துச் சொல்.

தீபாவளிக்கு மதிக்குப் பாவாடை சட்டை அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அக்கா


கொடுமுடி
23.11.2025

அன்புள்ள லோகுவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. துணிப் பார்சலும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. தினமும் தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போது எழுந்து நிற்கிறேன், மின்வாரியக் கடிதமும் வங்கிக் கடிதமும்தான் வருகின்றன. நீ நலமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இல்லை, ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

அப்பா அன்றைக்கு வரவில்லை லோகு. அவர் மேல் பழியைப் போட்டால் நீ நம்புவாய் என்று தெரிந்துதான் எழுதினேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆர்.எஸ்.புரத்துக் கடையில் வாங்கியது என்று தட்டில் வைத்திருந்தால், நான் புளுகி எழுதியபடியே என் மாமியார் இரண்டாவது கேட்டு வாங்கியிருப்பார். எனக்கு யாரும் தடை சொல்லவில்லை. அடுப்படியில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

டப்பாவைத் திறந்தேன். நல்ல நெய் வாசனை. முந்திரி வைத்த ஒன்றை எடுத்தேன், மதி உருட்டியது என்று தெரிந்து ஆசையாகத்தான் எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனபோது அந்தக் கோணல் உருண்டை கண்ணில் பட்டது. கை தானாக இறங்கிவிட்டது. கைச்சூட்டில்தான் நெய் இளகும் என்று நீ எழுதியிருந்தாயே, அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். பேக்கரியில் பப்ஸ் வாங்குகிறேன். யார் பிசைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் யார் யார் கையாலோ டீ வாங்கிக் குடிக்கிறேன். தெரியாத கை எல்லாம் எனக்கு ஆகிறது, தெரிந்த கைதான் ஆகவில்லை. ஆறுச்சாமிக்கென்று தென்னை மரத்தடியில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருப்போமே. அதில் எட்டி நின்று டீ ஊற்றியது நாம் இரண்டு பேரும்தான். நீ அதிலிருந்து வெளியே வந்துவிட்டாய். நானும் வந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் ரித்திகாவை அங்கே தைரியமாக அனுப்பினேன். என் பெண் உன் வீட்டில் சாப்பிடலாம், உன் வீட்டில் செய்ததை நான் சாப்பிட முடியாது என்றால் நான் யார் என்று எனக்கே விளங்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது லோகு. ரித்திகா கட்டுத்தரைப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

தை பன்னிரண்டாம் தேதி விசேஷம். உங்களைக் கூப்பிட்டால் உன் மாமாவிடமும் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று இன்னொரு பொய் எழுத மனமில்லை.

தம்பி சாமுவேலுக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்காகச் சொல்ல வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சொல்லாதே.

ரேணுகா


ஆர்.எஸ்.புரம், கோவை
26.12.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மதிவதனி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீங்க, பெரியப்பா, பாட்டி, ரித்திகாக்கா எல்லாரும் நல்லா இருக்கீங்களா? செவலை மாடு நல்லா இருக்கா?

அம்மா உங்களுக்கு லெட்டர் எழுத மாட்டேங்கறாங்க. உங்க லெட்டர அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிருக்காங்க. எடுத்து எடுத்துப் படிக்கறாங்க. அப்பாதான் "பரவால்ல, நீ எழுது அம்மணி"ன்னு அட்ரஸ் எழுதிக் குடுத்தாங்க. பார்சலும் அப்பாவே போடறேன்னு சொன்னாங்க.

எங்களுக்கு அரையாண்டு லீவு. நான் திரும்பவும் உருண்டை செஞ்சேன். அக்கா மெஷின்ல செய்யச் சொன்னாங்க. எங்க வீட்ல உருட்டற மெஷின் இல்ல. அதனால சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவினேன். அப்பறம் அப்பா பையில இருந்து, ரத்தம் எடுக்கறப்ப போடற கிளவுஸ அப்பாவுக்குத் தெரியாம எடுத்துப் போட்டுகிட்டேன். அது எனக்குப் பெருசா இருந்துச்சு. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிகிட்டேன்.

ஆனா பெரியம்மா, கிளவுஸ் போட்டா உருண்டை வரவே மாட்டேங்குது. இப்பக் குளிரா இருக்கறதால நெய் கட்டியா இருக்கு, கிளவுஸுக்குள்ள இருந்து சூடு வெளிய வர மாட்டேங்குது. எவ்வளவு நேரம் பிடிச்சாலும் உதுந்துடுது. கொஞ்சத்த அப்படியே தூளா வெச்சுட்டு, மீதிய கிளவுஸக் கழட்டிட்டுக் கையிலயே உருட்டிட்டேன்.

அதனால பார்சல்ல ரெண்டு டப்பா இருக்கு. நீலம் மூடி போட்டதுல தூளா இருக்கறது கிளவுஸ்ல செஞ்சது, நான் தொடவே இல்ல. அது உங்களுக்கும் பாட்டிக்கும். ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடுங்க. சிவப்பு மூடி போட்டதுல உருண்டையா நல்லா இருக்கறது மாட்டுக்கு.

மாத்திச் சாப்பிட்டுடாதீங்க பெரியம்மா.

இப்படிக்கு,
மதிவதனி